தேயிலை ஸ்டோர் பார்க்க வருகிறவர்களுக்கு: தலவாக்கலையிலிருந்து சில குறிப்புகள்

ஸ்கொட்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்குள்ள பழைய விஸ்கி வடிசாலை ஒன்றையாவது பார்க்காமல் திரும்புவதில்லை. நம் மலைநாட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்த இடத்தில் இருப்பது தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. இலங்கையில் முதன்முதலில் தேயிலையைத் தொழிலாகச் செய்துகாட்டிய ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டுத் தொடங்கினார். ஆரம்பத்தில் பங்களா விறாந்தையில் வைத்துக் கையால்தான் இலையை உருட்டினார்கள். 1869இல் கண்ட கோப்பி இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகு, அந்த 19 ஏக்கர் மலைநாடு முழுவதும் பரவியது.

விடுமுறைக்கு வரும் பலர் வாசலில் ஒரு படம், கடையில் ஒரு பொதி என்று அரை மணித்தியாலத்தில் திரும்பிவிடுகிறார்கள். ஸ்டோரை அதன் வேலை நேரத்தில், அங்கே வேலை செய்கிறவர்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் பார்த்ததாகும். அதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. காலையிலேயே போங்கள். பகலில் பறித்த கொழுந்து மாலைக்குள் ஸ்டோருக்கு வந்து, இரவு முழுக்க மேல்தட்டில் காற்றில் வாடும். நன்றாக வாட 12 முதல் 18 மணித்தியாலம்வரை எடுக்கும். அதனால் இலையை முறுக்கும் ரோலர் சுற்றுவது பெரும்பாலும் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆறுதலாகப் போனால், கூட்டித் துடைத்த தரையையும் நின்றுபோன இயந்திரங்களையும்தான் பார்க்க முடியும். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் போய்ச் சேரப் பாருங்கள்.

2. நாளையும் பாருங்கள். ஞாயிறு கொழுந்து எடுக்காத தோட்டத்தில் திங்கள் காலை அரைக்க ஒன்றும் இருக்காது. போயா நாளுக்கு அடுத்த நாளும் சில இடங்களில் அப்படித்தான். தீபாவளி, தைப்பொங்கல் என்றால் தோட்டமே வீட்டில் இருக்கும். அந்த நாட்களில் ஸ்டோரை மறந்துவிட்டு, சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். முதல் நாள் தொலைபேசியில் “நாளைக்குக் காலையில் ரோலர் ஓடுமா?” என்று கேளுங்கள். “திறந்திருக்குமா?” என்று கேட்டால் “ஆம்” என்றுதான் பதில் வரும். கடை எப்போதும் திறந்திருக்கும்.

3. தலவாக்கலை திம்புள்ளைப் பிரதேசத்தைச் சேர்ந்தது. இங்கே தரமான தேயிலை கிடைப்பது ஜனவரி முதல் மார்ச்வரை. பகலில் வெயில், இரவில் கடுங்குளிர், காய்ந்த காற்று, மெதுவாக வளரும் கொழுந்து, அதனால் வரும் மணம். ஊவாப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தக் காலம் ஜூலை முதல் செப்டெம்பர்வரை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இங்கு வந்தால் குடையும் பொறுமையும் வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா, ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

4. எங்கே போவது? பார்வையாளர்களைச் சுற்றிக்காட்டும் ஏற்பாடு எல்லாத் தோட்டங்களிலும் இல்லை. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பீட்ரு, றம்பொடைப் பாதையில் லபுக்கலை, அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன ஆகியவை வழக்கமாகச் சுற்றிக்காட்டும் இடங்கள். தம்பேதென்ன, 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய ஸ்டோர் ஒன்று இப்போது தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. இயந்திரம் ஓடாது. ஆனால் பழைய உருளைகளை ஒவ்வொன்றாக நின்று பார்க்கலாம், சத்தம் இல்லாமல் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லலாம். கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் ஹோட்டலாகிவிட்டது.

தலவாக்கலையிலேயே சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய நிறுவனம். நினைத்த நேரத்தில் உள்ளே போகும் சுற்றுலா இடமல்ல. பாடசாலையோ சங்கமோ முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேட்கலாம். உயர்தரத்தில் விவசாயமோ உயிரியலோ படிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

5. ரயிலில் வாருங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயில் ஹட்டன் தாண்டி, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து, கொட்டகலை வழியாகத் தலவாக்கலைக்கு வரும். ஆசனப் பதிவை முன்கூட்டியே செய்துவிடுங்கள். விடுமுறைக் காலத்தில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். ஹட்டனில் இறங்கி நுவரெலியா பஸ்ஸில் வந்தால் டெவன், சென் கிளயார் நீர்வீழ்ச்சிகள் இரண்டையும் பாதையோரத்திலேயே பார்க்கலாம்.

6. மணம் எதுவும் பூசாதீர்கள். குறிப்புகளிலேயே முக்கியமானது இது. சென்ட், மணமுள்ள பவுடர், தலைவலிக்குப் பூசும் தைலம் எதுவும் வேண்டாம். தலையில் மல்லிகை வைத்திருந்தால் வாகனத்திலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். நமக்கும் நட்டம்தான்: ஸ்டோருக்குள் ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு மணம். நம் மேலேயே வாசனை இருந்தால் அது ஒன்றும் பிடிபடாது.

7. தொங்கும் உடுப்பு ஆகாது. சேலை முந்தானையை இடுப்பில் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றுங்கள், நீளக் கூந்தலைக் கொண்டை போடுங்கள். ரோலரும் பட்டியும் சுற்றுகிற இடம். தொப்பியோ மேலங்கியோ தந்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். மூடிய சப்பாத்து நல்லது. இலைத் தூள் படிந்த மரப்படிகள் வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மேல்தட்டுக்கு ஏற வேண்டியதில்லை. கீழ்த்தட்டிலேயே பாதி வேலையைப் பார்த்துவிடலாம். சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இயந்திரச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது.

கொழுந்து எடுக்கும் மலைக்குள் இறங்குவதானால் அட்டை இருக்கும். நனைத்த சவர்க்காரத்தைக் கணுக்காலில் தேய்த்துவிட்டு, நீளக் காலுறை போடுங்கள்.

8. ஸ்டோருக்குள் எதைப் பார்ப்பது? முதலில் வெளியே நின்று கட்டடத்தைப் பாருங்கள். மூன்று நான்கு தட்டு, வரிசையாக ஜன்னல். அழகுக்காக வைத்ததல்ல. அந்தக் காலத்தில் மலைக்காற்றை உள்ளே விட்டுக் கொழுந்தை வாட்டுவதற்காக வைத்தது. இப்போது விசிறி அடித்து வாட்டுகிறார்கள்.

மேல்தட்டில் வாடிய கொழுந்து ஒரு பிடி தொட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விட்டால், உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறவுங்கள். சரியாக வாடிய கொழுந்து நொறுங்காது, காம்பு முறியாது. உருண்டையாக நின்று மெதுவாக விரியும். டீ மேக்கரும் அனுபவப்பட்ட வேலைக்காரரும் இப்படித்தான் பதம் பார்ப்பார்கள். இந்தக் கட்டத்தில் பச்சைப் புல் வாசனை போய், பழ வாசனை மாதிரி ஒன்று எழும்பும். கீழே இறங்கினால் ரோலர் இலையை முறுக்கிப் பிழியும். சல்லடையில் சலித்து முதல் தூள், இரண்டாம் தூள் என்று பிரிப்பார்கள். பிறகு மெல்லியதாகப் பரப்பி வைப்பார்கள். பச்சையாக இருந்தது கண்ணுக்கு முன்னாலேயே செப்பு நிறத்துக்கு மாறும். தேயிலையின் சாயமும் சுவையும் தீர்மானமாவது இங்கேதான். அவசரப்பட்டுத் தாண்டிப் போகாமல் சில நிமிடம் நில்லுங்கள். அடுத்தது அடுப்பு. இருபது நிமிடம் அளவில் சூட்டுக்காற்றில் காய்ந்து, ஈரம் மூன்று சதவீத அளவுக்கு இறங்கிக் கறுப்பாக வெளியே வரும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து போகிறது.

9. பழைய இயந்திரங்களின் பெயர்த் தகட்டை வாசியுங்கள். வார்ப்பிரும்பில் எழுத்து எழும்பி நிற்கும். பெல்ஃபாஸ்டில் செய்த சிரோக்கோ அடுப்பு, கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பெனிச் சாமான், கொழும்பு வோக்கர் கம்பெனியின் ரோலர் எனப் பல ஊர்ப் பெயர்கள் அதில் கிடைக்கும். இவ்வளவு பாரத்தையும் அன்றைக்கு இந்த மலைக்கு ஏற்றியவர்கள் யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியே கால்நடையாக வந்த நம் முன்னோர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். அந்த வருகை 1823இல் தொடங்கியதாகக் கொண்டு 2023இல் மலையகம் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தது.

10. சுற்றிக்காட்டுகிறவரிடம் தமிழில் பேசுங்கள். பலர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மனப்பாடமாகச் சொல்லும் ஆங்கில விளக்கத்தை விட, “இரவு வேலைக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்?”, “மழைக்காலத்துக் கொழுந்துக்கும் தை மாதக் கொழுந்துக்கும் என்ன வித்தியாசம்?”, “இன்றைக்கு எத்தனை கிலோ வந்தது?” என்று கேட்டால் அவர் முகமே மாறிவிடும். போகும்போது கைக்கு ஏதாவது கொடுங்கள்.

11. படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். நாம் கூடையைத் திருப்பச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, மறுபடி நிற்கச் சொல்லும் நேரமெல்லாம் அவர்கள் சம்பளத்தில்தான் போகிறது. “அக்கா, ஒரு போட்டோ எடுக்கலாமா?” என்று கேட்டு, சரி என்றால் அவர் வேலை செய்கிறபடியே எடுங்கள். கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு விளையாட வேண்டாம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தள்ளி நின்று பாருங்கள். அந்த நேரத்தில் தராசுதான் அவர்களுக்கு முக்கியம்.

லயத்துக்குள் அழைப்பில்லாமல் போகாதீர்கள். அது ஆட்கள் குடியிருக்கும் வீடு. லய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லய அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று அமைத்திருக்கிறார்கள். ஸ்டோர் பார்த்த குடும்பம் அதையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

12. ருசி பார்க்கத் தந்தால் பாலும் சீனியும் கேட்காதீர்கள். முறைப்படி 140 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2.8 கிராம் தேயிலை, ஆறு நிமிடம். கரண்டியில் எடுத்துக் காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். வெட்கப்பட வேண்டாம், ருசி பார்க்கும் நிபுணர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். வடித்த இலையையும் பாருங்கள். செப்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நல்லது, மங்கிப் பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் எங்கோ பதம் தவறியிருக்கிறது.

13. வாங்கும்போது: பொதியில் உள்ள ஓபி, பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் எல்லாம் இலையின் அளவைத்தான் சொல்கின்றன, தரத்தை அல்ல. பிளேன்டீ குடிக்கிற வீட்டுக்கு பிஓபி. பால் தேத்தண்ணிக்கு பிஓபிஎஃப் அல்லது டஸ்ட், சாயம் நன்றாக இறங்கும். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது. பொதி செய்த திகதியைப் பாருங்கள். மலிவு என்று ஒரு வருடத்துக்கு வாங்கிக் குவிக்காதீர்கள், இரண்டு மூன்று மாதத்துக்குப் போதும். வாசனை சேர்த்த வகைகள் பரிசு கொடுக்க நல்லவை. தோட்டத்தின் சொந்த மணம் வேண்டுமென்றால் சாதாரணப் பொதியை எடுங்கள்.

14. வீட்டில் இறுக்க மூடும் தகர டின்னில் போட்டு வையுங்கள். மிளகாய்த்தூள், கறுவா, கருவாடு இருக்கும் தட்டில் வேண்டாம், ஃபிரிட்ஜிலும் வேண்டாம். ஈரக் கரண்டி போடாதீர்கள். கண்ணாடிப் போத்தல் அழகுதான், ஆனால் வெளிச்சம் படும்.

15. “தலவாக்கலையில் குடித்த ருசி வீட்டில் வரவில்லை” என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர். இங்கே மலைத் தண்ணீர், மென்மையானது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு கூட. அதில் போட்டால் சாயம் மங்கி, மேலே ஆடை படியும். வடிகட்டிய நீரிலோ, சுத்தமாகப் பிடித்த மழை நீரிலோ ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைக்க வேண்டாம். கொதித்தவுடன் ஊற்றி மூடி வையுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால் நாங்கள் கொஞ்சம் கூட நேரம் ஊறவிடுகிறோம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் முழுச் சூட்டில் கொதிக்கும், ஆகையால் நான்கு நிமிடத்தில் வடித்துப் பாருங்கள். கசந்தால் நேரத்தைக் குறையுங்கள், தேயிலையின் அளவைக் குறைக்காதீர்கள்.