முயல் முரண்டு பிடிக்கவில்லை, பயப்படுகிறது!



பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் வாங்கிய முயல் இன்று நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. "புல்லு நல்லாத் தின்னுது. ஆனா கையை வச்சாப் போதும், உதைக்குது, பிராண்டுது. முடியை எப்படிச் சீவுறது, நகத்தை எப்படி வெட்டுறது?" என்று குழுக் கூட்டங்களில் எங்களிடம் கேட்கிறார்கள். அதையே இந்த இதழில் பாடமாகப் பார்ப்போம்.

ஏன் உதைக்கிறது?

நாய், நரி, பருந்து எல்லாவற்றுக்கும் இரையாகும் பிராணி முயல். மேலிருந்து கை வந்து தூக்கினால், பருந்து தூக்குவதாகவே அதற்குத் தோன்றும். உதைப்பது திமிரால் அல்ல, உயிர்ப் பயத்தால். முயலின் எலும்பு மெல்லியது. பின்னங்கால் தசையோ பலமானது. பிடி சரியில்லாதபோது ஓங்கி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம். அப்படி முறிந்து பின்னங்கால் விழுந்துவிட்டால் பிழைக்க வைப்பது கடினம். எனவே சீப்பை எடுக்கும் முன் பிடிக்கக் கற்க வேண்டும்.

பிடிக்கும் முறை

1. காதைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள்.
2. முடிந்தவரை தூக்கவே வேண்டாம். தரையில் கோணிச்சாக்கை விரித்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அருகம்புல்லோ கொத்தமல்லித் தழையோ கொடுங்கள். தின்னும்போது நெற்றியை மெதுவாகத் தடவுங்கள். முதல் சில நாள் இது மட்டும் போதும்.
3. தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில். உடனே நம் உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும்.
4. மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும். சுகமாகத் தூங்குகிறது என்று எண்ணாதீர்கள். பயத்தில் உறைந்து கிடக்கிறது.
5. சிறு பிள்ளைகளைத் தூக்க விடாதீர்கள். தரையில் உட்கார்ந்து தடவட்டும்.

சுத்தம் செய்யும் முறை

முடி: வாரம் ஒருமுறையும், முடி கொட்டும் காலத்தில் தினமும் மென்மையான சீப்பால் முடி போகும் போக்கில் சீவுங்கள். இரண்டு நிமிடம் போதும். மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. அது நக்கி விழுங்கும் முடி வயிற்றில் தங்காமல் வெளியேற, நார் உள்ள புல் எப்போதும் கிடைக்க வேண்டும்.

நகம்: மாதம் ஒருமுறை பாருங்கள். ஒருவர் முயலைத் துண்டில் சுற்றிப் பிடிக்க, மற்றவர் நுனியை மட்டும் வெட்டலாம். நகத்துக்குள் சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாய். அதைத் தொடக் கூடாது. கறுப்பு நகமானால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாக் காலும் வெட்ட வேண்டியதில்லை.

குளியல்: முயலைக் குளிப்பாட்டக் கூடாது. பயத்தாலும் குளிராலும் இறந்துபோகலாம். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

பின்பக்கம்: தினமும் பாருங்கள். புழுக்கை ஒட்டியிருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். புழு கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

காது: உள்ளே பொருக்கு கட்டியிருந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். பிய்க்காதீர்கள், ஊசியோ மருந்தோ மருத்துவர் தருவார். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை முயலுக்குப் போடவே கூடாது. அதில் சில மருந்து முயலின் உயிரையே எடுத்துவிடும்.

தாமதம் வேண்டாம்

அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாதீர்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

குழுவில் பேசுவோம்

1. நம் வீட்டில் முயலை யார் தூக்குகிறார்கள், எப்படித் தூக்குகிறார்கள்?
2. நகம் வெட்ட உதவிக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?
3. நம் ஊருக்கு அருகில் கால்நடை மருந்தகம் எங்கே, எந்த நேரம் திறந்திருக்கும்?

வாயில்லா ஜீவன் தன் பயத்தைக் காலால்தான் சொல்லும். அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, சகோதரிகளே!