புக்கிட் தீமா: வழிவிடுவதற்கென்றே ஒரு ரயில் நிலையம்

சிங்கப்பூருக்குப் போனால் ஒரு காலைப்பொழுதை புக்கிட் தீமா ரயில் நிலையத்துக்கு ஒதுக்குங்கள். 1932-இல் கட்டிய சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். 2011 ஜூன் 30 இரவு, மலேசியாவின் ஜொகூர் மாநில சுல்தானே ஓட்டிச் சென்ற கடைசி ரயிலோடு இங்கே வண்டிச் சத்தம் ஓய்ந்தது. 2022 ஜூலையில் மரபுடைமைக் காட்சிக்கூடமாகத் திறந்தார்கள். கட்டணம் கிடையாது.

போகும் வழி

டவுன்டவுன் தடத்தில் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் இறங்குங்கள். சாலைக்கு மேலே போகும் பழைய இரும்புப் பாலம்தான் அடையாளம். அங்கிருந்து தெற்கே சில நிமிட நடை.

என்ன பார்ப்பது

முதலில் கைகாட்டிகளை இயக்கிய நெம்புகோல்களைப் பாருங்கள். இந்த ரயில் பாதை ஒற்றைத் தடம் கொண்டது. எதிரெதிரே வரும் ரயில்கள் மோதாமல் காத்தது ஒரு டோக்கன். வளையத்தில் கோத்த அந்த உலோகத் துண்டு கைக்கு வந்தால்தான் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். அதுவரை பக்கத்துத் தடத்தில் காத்திருக்க வேண்டும். பயணிகளை ஏற்றி இறக்கியதைவிட, ரயிலுக்கு ரயில் வழிவிட வைத்ததுதான் இந்த நிலையத்தின் பெரிய வேலை.

இந்தப் பாதை மலாயாவோடு இணைந்தது. அங்கே ரயில் பாதை போட்ட கூலிகளில் தமிழர்கள் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க் வேலைகளில் யாழ்ப்பாணத்தார் பலர் இருந்தார்கள். அந்த நினைப்போடு உள்ளே போனால் நிலையம் வேறு மாதிரி தெரியும்.

பாதையின் பெரும்பகுதியில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். நிலையத்திலும் பாலத்திலும் மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். படம் எடுக்க இவையே நல்ல இடங்கள். ஊழியர் குடியிருப்பு பின்னர் காபிக் கடையானது.

கவனிக்க

வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பிற்பகலில் இடிமழை சகஜம். காட்சிக்கூடம் திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் குடையும் கட்டாயம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். பக்கத்துக் காட்டுக் குரங்குகளுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

தெம்பிருந்தால் வடக்கே நடந்து, இரண்டாவது இரும்புப் பாலத்தையும் பார்த்துவிடலாம். ரயில் ஓடிய 24 கிலோமீட்டரில் பெரும்பகுதி இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்குமான பாதை. எதிரே சைக்கிள் வந்தால் சற்று ஒதுங்கி வழிவிடுங்கள். இந்தப் பாதையின் பழைய வழக்கம் அதுதான்.