பதினாறு வயதுக்குப் பக்கத்தில் கேமராவை எங்கே வைப்பது?

பதின்வயதுப் பிள்ளையைப் பற்றிக் குறும்படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பின்னணிக் குரலோடுதான் வருகிறார்கள். "எனக்கு வயசு பதினாறு. என்னை யாருக்கும் புரியல" என்று குரல் ஓடும். படத்தில் பள்ளிக்கூட வாசல், சைக்கிள், மொட்டைமாடி, மழை. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பிள்ளை யாரென்றே தெரியாது. எந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

முதல் இரண்டு நிமிடத்தில் பார்க்கிறவர் அந்தப் பிள்ளையின் பக்கம் சேர்கிறாரா, எட்ட நின்று வேடிக்கை பார்க்கிறாரா என்பது கேமரா நிற்கும் இடத்தைப் பொறுத்தது. எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், பிள்ளைக்கு முன்னாலா பின்னாலா என்பதை முடிவு செய்தால் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். அதை முடிவு செய்யும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு செல்போனும் ஒரு நோட்டும் போதும்.

முதல் படி: சத்தம் இல்லாமல் பாருங்கள்

பதின்வயதைப் பற்றிய நல்ல படங்களில் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதல் மூன்று நிமிடத்தை மட்டும் சத்தமில்லாமல் மூன்று முறை பாருங்கள். நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: கேமராவின் உயரம், பிள்ளைக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம், ஃபிரேமுக்குள் பிள்ளையைத் தவிர வேறு என்ன இருக்கிறது. ஷாட் மாறும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். "அழகான ஷாட்", "சோகமான ஷாட்" என்றெல்லாம் எழுத வேண்டாம். முழங்கால் உயரம், நாலடி தூரம், பின்னால் கதவு. இவ்வளவு போதும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது 1955இல் வந்த 'ரெபெல் வித்தவுட் எ காஸ்'. இயக்கம் நிக்கோலஸ் ரே. ஜேம்ஸ் டீன் நடித்தார். படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே விபத்தில் இறந்துபோனார்.

ராத்திரி, ஆளில்லாத தெரு. குடித்துவிட்டு ஒரு பையன் தரையில் கிடக்கிறான். பக்கத்தில் ஜால்ரா தட்டும் பொம்மைக் குரங்கு ஒன்று. சாவி கொடுத்து அதை ஆடவிடுகிறான். ஆட்டம் நின்றதும் அதைப் படுக்க வைத்து, கிடைத்த காகிதத்தைப் போர்வையாக இழுத்து மூடிவிடுகிறான். பிறகு அதன் பக்கத்திலேயே உடம்பைச் சுருட்டிக்கொண்டு படுத்துக்கொள்கிறான். இதன்மேல்தான் சிவப்பு எழுத்துகளில் பெயர்கள் ஓடுகின்றன.

இப்போது நோட்டின் முதல் கட்டத்தைப் பாருங்கள். கேமராவின் உயரம்: தரை. அந்தத் தெருவில் நடந்துபோகும் ஒரு பெரியவரின் கண் உயரத்தில் கேமராவை வைத்திருந்தால், நமக்குத் தெரிவது நடுத்தெருவில் குடித்துவிட்டுக் கிடக்கும் ஒரு பொறுக்கி. தரையில் வைத்ததால் பொம்மையைத் தூங்க வைக்கும் குழந்தை தெரிகிறது. இரண்டுமே அதே பையன்தான். எந்தப் பையனை முதலில் காட்டுவது என்பதை ரே கேமராவின் உயரத்தை வைத்தே சொல்லிவிட்டார். சினிமாஸ்கோப்பின் அகலமும் அவருக்குக் கைகொடுத்தது. படுத்துக் கிடக்கும் உடம்பு அந்த நீளமான ஃபிரேமில் அப்படியே பொருந்திவிடுகிறது.

அடுத்த காட்சி போலீஸ் நிலையம். படத்தின் மூன்று முக்கியப் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் இன்னும் தெரியாது. கண்ணாடித் தடுப்புகளுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே ஃபிரேமுக்குள் அவர்களை வைக்கிறார் ரே. தனித்தனியாகக் கஷ்டப்படும் மூன்று பேரை யாரும் அறிமுகம் செய்து வைக்காமலே கேமரா சேர்த்துவிடுகிறது. அவர்களில் ஒருத்தியான ஜூடி போட்டிருப்பது பளீரென்ற சிவப்புக் கோட்டு. தெருவில் கிடந்த பையன் ஜிம் பின்னால் போடப்போகும் ஜாக்கெட்டும் சிவப்பு. இந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கத் தொடங்கினார்கள், பிறகுதான் கலருக்கு மாற்றினார்கள் என்று நினைத்துப் பார்க்கும்போது அந்தச் சிவப்பு கூடுதலாகக் கண்ணில் படும்.

இரண்டாம் படி: நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு பயிற்சி முகாமில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண்ணை ட்யூஷன் முடிந்து வீடு திரும்புகிறவளாக நடக்கச் சொன்னோம். கேமரா அவளுக்குப் பின்னால் இருபதடியில். போன் கேமராவை மூன்று மடங்கு ஜூம் செய்து எடுத்தோம். இரண்டு டேக் ஆனதும் வந்து போனில் ஓட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், இதுல என்னை யாரோ ஃபாலோ பண்ற மாதிரி இருக்கு" என்றாள். சொல்லும்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். அந்தக் கை அசைவை நான் மறக்கவில்லை. தூரத்தில் நின்று ஜூம் செய்தால், தெருமுனையில் நின்று பார்க்கிறவனின் கண்ணாகக் கேமரா மாறிவிடுகிறது. நாங்கள் நினைத்தது அதுவல்ல. படத்தில் வந்தது அதுதான்.

அதே நடையை வேறு மாதிரி எடுத்தோம். ஜூம் இல்லை, போனின் சாதாரண ஒன் எக்ஸ் லென்ஸ். அவளுடைய வலது தோளுக்குப் பின்னால் இரண்டடி தூரம், அவளுடைய காது உயரம். அவள் திரும்பினால் கேமரா திரும்பும், நின்றால் நிற்கும். இப்போது தெரு அவள் பார்க்கிற தெருவாகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இதை ஒரு முழுப் படத்துக்கும் செய்து காட்டியவர் ஆந்த்ரேயா ஆர்னல்ட். 2009இல் வந்த 'ஃபிஷ் டேங்க்' படத்தின் தொடக்கத்தில் பதினைந்து வயது மியா காலியான ஒரு ஃபிளாட்டில் குனிந்து நின்று மூச்சுவாங்குகிறாள். ஆடி முடித்திருக்கிறாள். ஆட்டத்தை நமக்குக் காட்டவில்லை, மூச்சைத்தான் காட்டுகிறார்கள். பிறகு அவள் குடியிருப்பு முழுக்க விறுவிறுவென்று நடக்கிறாள். ஒளிப்பதிவாளர் ராபி ரயன் கேமராவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவளோடு போகிறார். கேமரா அவளுக்கு முன்னால் போய்க் காத்திருப்பதில்லை. அவள் கதவைத் திறந்த பிறகுதான் நமக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. சண்டை வருவதும் அவளுக்குத் தெரியும்போதுதான் நமக்குத் தெரிகிறது. படம் பழைய டிவி மாதிரி நாலுக்கு மூன்று என்ற கட்டத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தப்பிக்க இடமில்லாத, ஒரே ஆள் நிற்கக்கூடிய கட்டம். கதை முழுவதையும் கையில் கொடுக்காமல், பகுதி பகுதியாகத்தான் நடிகர்களுக்குத் தந்தார் ஆர்னல்ட். அதனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலை நடித்த பெண்ணுக்கும் இருந்தது.

உங்கள் நோட்டில் இப்போது ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "என் கேமரா இந்தப் பிள்ளையின் ____." தோழியா, தம்பியா, கண்காணிக்கும் வாத்தியாரா, அவளே தானா? கோடிட்ட இடத்தை நிரப்பாமல் ஷாட் பிரிக்க உட்காராதீர்கள்.

மூன்றாம் படி: ஒரு செயலில் மாட்டவிடுங்கள்

அலாரம் அடிக்கிறது, பிள்ளை எழுகிறது, பல் தேய்க்கிறது. இந்தத் தொடக்கத்தை விட்டுவிடுங்கள். ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது பிள்ளையைக் காட்டுங்கள்.

ஃபிரான்சுவா த்ரூஃபோ 1959இல் எடுத்த 'தி ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்' படத்தில், பாரிஸ் தெருக்களில் ஓடும் வண்டியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறது கேமரா. ஈஃபில் கோபுரம் கட்டடங்களுக்கு நடுவே தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. அடுத்து வகுப்பறை. ஒரு பையன் மேஜைக்குள்ளிருந்து பெண் படம் ஒன்றை எடுத்துப் பின்னால் தள்ளுகிறான். அது கை மாறி மாறிப் போக, கேமராவும் அதோடு போகிறது. கடைசியில் அந்துவான் என்ற பையனின் கைக்கு வருகிறது. அவன் பேனாவை எடுத்து அதில் எதையோ வரையும்போது வாத்தியார் பார்த்துவிடுகிறார். வகுப்பின் மூலையில், கரும்பலகைக்குப் பின்னால் கொண்டுபோய் நிற்க வைக்கப்படுகிறான்.

எல்லாரும் செய்தார்கள், மாட்டியவன் இவன். இவனைப் பற்றி இதைவிடக் கூடுதலாக எந்தப் பின்னணிக் குரலாலும் சொல்ல முடியாது. நம் வகுப்பறைகளிலும் இப்படி ஒருவன் இருந்தான்; உங்களுக்கு இப்போதே பெயர் ஞாபகம் வந்திருக்கும். த்ரூஃபோ அவனுக்குத் தனி ஷாட் போட்டு "இவன்தான் கதாநாயகன்" என்று தொடங்கவில்லை. ஒரு பொருளைப் பின்தொடர்ந்து போய் அவனிடம் நிற்கிறார். நீங்களும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். கைமாறும் மார்க் ஷீட், ஒளித்துவைத்த சார்ஜர், அக்காவிடமிருந்து வந்த யூனிஃபார்ம் எதுவாக இருந்தாலும் சரி.

நான்காம் படி: பிள்ளையின் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

அமெரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு எடுக்கிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். அந்தப் படங்களில் பிள்ளைக்குத் தனி அறை இருக்கும். போ பர்ன்ஹாம் எடுத்த 'எய்த் கிரேட்' (2018) படத்தில் கெய்லா தன் அறையில் உட்கார்ந்து யூடியூப் வீடியோ பேசுகிறாள். தெளிவில்லாத வெப்கேம் படம், திரை நிறைய முகம், முகத்தில் பரு. நம்பிக்கையோடு இருப்பது பற்றி உலகத்துக்குச் சொல்லித்தரும் பெண், பள்ளியில் பேசவே கூச்சப்படுகிறவள். காலையில் எழுந்து வீடியோ பார்த்துப் பார்த்து மேக்கப் போட்டு முடித்து, மறுபடி படுக்கையில் ஏறி, இப்போதுதான் எழுந்த மாதிரி செல்ஃபி எடுக்கிறாள். அது நடப்பது கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய அறையில்.

நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு கிடையாது. ஹாலில் அப்பா டிவி பார்ப்பார், பாட்டி கட்டிலில் இருப்பார், பிள்ளை சுவர் ஓரமாகப் பாயில் படிக்கும். அப்படியானால் அவளுக்குச் சொந்தமான இடம் எது? பீரோவின் கீழ்த்தட்டு. ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிய ஸ்டிக்கர். போனின் லாக் ஸ்கிரீன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மாடிப்படி. செட் போட வேண்டாம். நடிக்கிற பிள்ளையையே கேளுங்கள்: "உன் வீட்டுல உனக்கு மட்டும் சொந்தமான இடம் எது?" சொன்ன இடத்தை க்ளோசப்பில் எடுங்கள்.

இதை வைத்தே ஒரு தொடக்கம் செய்யலாம். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இரண்டு நிமிடம் தனியாக போன் பேச வேண்டும். அடுக்களைக்குப் போகிறாள், அம்மா இருக்கிறார். பின்கட்டில் பாட்டி. மாடிப்படியில் பக்கத்து வீட்டு அண்ணன். கடைசியில் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறாள். கேமரா உள்ளே போகக் கூடாது. கதவுக்கு வெளியே, தண்ணீர்ச் சத்தத்தில், தலைப்பு வரட்டும்.

ஐந்தாம் படி: எடுக்கும்போது

போனைப் படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட் வெளிச்சத்தில் 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் படம் துடிக்காது. முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிடுங்கள். அகல லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருக்கும், முகம் கோணும், விட்டுவிடுங்கள். பிள்ளை தரையில் உட்கார்ந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அந்தப் பருவும் எண்ணெய் வழியும் நெற்றியும்தான் அந்த வயது. இடத்தை விட்டுக் கிளம்பும் முன் அங்கே இருக்கும் சும்மா சத்தத்தை அரை நிமிடம் ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் அது இல்லாமல் ஓட்டை விழும்.

எடுக்கும் முன் பெற்றோரிடம் கேட்பது கட்டாயம். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். எடுத்த ஒவ்வொரு ஷாட்டையும் காட்டி, வேண்டாம் என்றால் அவர்கள் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள். பாலாஜி சக்திவேல் 2012இல் எடுத்த 'வழக்கு எண் 18/9' கேனான் 7டி என்ற சிறிய ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்ட படம். அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு பணக்காரப் பையன் பள்ளிக்கூடப் பெண்ணை அவளுக்குத் தெரியாமல் செல்போனில் பிடிக்கிறான். அங்கிருந்துதான் எல்லா அழிவும் தொடங்குகிறது. நம் கையில் இருப்பதும் அதே போன்தான். இருபதடி ஜூமில் நான் எடுத்த அந்த இரண்டு டேக்கையும் அன்றைக்கே அழித்துவிட்டோம்.

கடைசிப் படி: பிள்ளைகளிடம் காட்டுங்கள்

வெட்டி ஒட்டிய இரண்டு நிமிடத்தை நண்பர்களிடம் காட்டாதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உங்களைத் தெரியாத, பதினாலிலிருந்து பதினேழு வயதுக்குள் இருக்கும் மூன்று பேரைக் கூப்பிடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பிள்ளையை யார் பாத்துக்கிட்டு இருக்கா?"

"நான்தான்" என்றோ "அவ ஃப்ரெண்டு" என்றோ சொன்னால், நோட்டில் நிரப்பிய வாக்கியத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "யாரோ ஒருத்தர்" என்று சொன்னால் எந்த ஷாட்டில் அப்படித் தோன்றியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே வெளிச்சம் இருக்கும் நேரத்துக்கு அந்த ஒரு ஷாட்டை மட்டும் பக்கத்தில் போய் மறுபடி எடுங்கள்.