அளவறிந்து உண்போம்: சோற்றைக் குறைப்போம், பருப்பைப் பெருக்குவோம்



திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலையில் விடியற்காலையில் சென்றால், உடல் எடையைக் குறைக்க வேண்டி நடப்போரைக் காணலாம். வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நகர்க்குப் பெயர்ந்த நம் இல்லங்களில் வயல்வேலை நின்றுவிட்டது. சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. நடையோடு உணவையும் சீர்செய்தாலன்றி எடை குறையாது.

குறை எங்கே?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2025இல் வெளியாயிற்று. நம் நாட்டார் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும், 12 விழுக்காடே புரதத்திலிருந்தும் கிடைக்கின்றன என அது கூறுகிறது. மாவுச்சத்தில் சிறு பகுதியைக் குறைத்துப் பருப்பு, பால் ஆகியவற்றின் புரதத்தைச் சேர்த்துக்கொள்வோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைகிறது என்பதும் அதன் முடிவு.

நாம் கிழங்கை விலக்கியவர்கள். எனினும் அதன் இடத்தை வாழைக்காயாலும் சோற்றாலும் நிரப்பிவிடுகிறோம்.

முட்டையின்றி இயலுமா?

எடை குறைய முட்டையும் இறைச்சியும் இன்றியமையாதவை என்று நம் இளைஞரிடம் உடற்பயிற்சிக் கூடங்களில் கூறப்படுகிறது. வீட்டில் சொல்லாமல் சிலர் அவற்றை நாடவும் கூடும். ஆதலின் இக்கூற்றைக் கணக்கிட்டே பார்ப்போம்.

உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. எடை குறைக்க முயல்வோர் 1 கிராம் அளவில் கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ளவர்க்கு 60 கிராம் ஆகிறது. அது கிடைக்கும் வழி இது:

பருப்பு, பயறு வகை 75 கிராம்: 17 கிராம் புரதம்
பால் அல்லது தயிர் 400 மி.லி.: 13
பனீர் 50 கிராம்: 9
வேர்க்கடலை 25 கிராம்: 6
அரிசி, கோதுமை, சிறுதானியம் சேர்த்து 150 கிராம்: 12
காய்கறிகள்: 3

ஆக, 60 கிராம். உயிர்க்கொலை இன்றியே கணக்கு நிறைவுறுகிறது. புரதத்தூளும் வேண்டுவதில்லை. தானியம் 150 கிராம் என்பது ஏறத்தாழ ஓர் ஆழாக்கு. இது மூன்று வேளைக்கும் சேர்த்த அளவு.

மூன்று வேளை

காலையில் பாசிப்பருப்பு மிகுதியாகவும் அரிசி குறைவாகவும் இட்ட பொங்கல். நண்பகலில் முதலில் கூட்டும் பொரியலும் கெட்டிப் பருப்பும்; இறுதியில் ஒரு கரண்டி சோறு. மாலையில் பொழுது சாயுமுன் பயற்றம் அடை அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல். முளைகட்டிய பயற்றை விலக்குவோர் ஊறவைத்து வேகவைத்தாலே போதும். பருப்பையும் தயிரையும் சேர்த்துண்ணாத நியமம் உடையோர் பாலையும் தயிரையும் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அவமோதரியம்

ரமண மகரிஷி 'நான் யார்?' என்னும் சிறு நூலில் மிதமான சாத்துவிக உணவையே நியமங்களுள் சிறந்ததாகக் கூறினார். நம் ஆகமங்கள் புறத்தவம் ஆறனுள் அவமோதரியத்தை இரண்டாவதாக வைத்தன. ஆடவர்க்கு 32 கவளம், பெண்டிர்க்கு 28 கவளம் முழு உணவு. அதனிற் குறைத்துண்பது அவமோதரியம். ஆயினும் எல்லாவற்றையும் ஒருசேரக் குறைத்தால் புரதமும் குறையும். கொழுப்போடு தசையும் கரையும். எடை குறைக்க முயல்வோர் குறைக்க வேண்டியது சோறும் இனிப்பும், குறைக்கலாகாதது பருப்பு.

எச்சரிக்கை

சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைப் பெருக்கலாகாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம். மருந்தின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும். அட்டமி, சதுர்த்தசி நோன்பிருக்கும் முதியோர்க்கும் இது பொருந்தும். பாரணையின்போது இனிப்பை மிகுதியாக உண்டால் நோன்பினால் உடல் பெற்ற நலம் கெடும். கருவுற்ற பெண்களும் வளரும் பிள்ளைகளும் எடை குறைக்கும் முறையைத் தாமே மேற்கொள்ளலாகாது.

வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 செ.மீ., பெண்டிர்க்கு 80 செ.மீ. மேற்படாதிருத்தல் நலம். 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுவதையும் நாள்தோறும் நடக்க வேண்டுவதில்லை. அரை மணி நேரம் விரைந்து நடந்தாலே பயனுண்டு.

தவத்தின் பயன் வினை உதிர்தல். உடல் மெலிவதற்காகச் செய்வது தவமாகாது. எனினும் நோயற்ற உடலே நோன்புக்கும் அறத்திற்கும் துணை. நாளை உலையில் அரிசி இடுமுன் அதை ஒருமுறை அளந்து பார்ப்போமாக!