குடிநீர்க் குழாய்களில் கசிவு: கண்டறிதலும் தடுத்தலும்

சென்னைக்குக் கிருஷ்ணா நீர் வழங்குவதற்கான உடன்பாடு 1983இல் ஏற்பட்டது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்கள் ஆண்டுக்கு 5 டி.எம்.சி. வீதம் 15 டி.எம்.சி. அளிக்க இசைந்தன. வழியில் 3 டி.எம்.சி. இழப்பு நேரும் எனக் கணக்கிட்டு, தமிழக எல்லையில் 12 டி.எம்.சி. சேர வேண்டுமென வகுக்கப்பட்டது. கண்டலேறு நீர்த்தேக்கத்தில் தொடங்கும் கால்வாய், நாயுடுபேட்டைக்கு மேற்கே காளஹஸ்தி வட்டாரம் வழியாகப் பூண்டியை அடைகிறது. 1996இல் முதன்முறையாக நீர் வந்தது.

இத்துணைத் தொலைவு கடந்து வரும் நீர், நகரின் நிலத்தடிக் குழாய்களில் மீண்டும் வீணாகலாம். வருவாய் தராத நீர் 20 விழுக்காட்டுக்குள் இருத்தல் வேண்டும் என்பது மத்திய அரசு 2008இல் வகுத்த அளவுகோல். கசிவு, முறையற்ற இணைப்பு, மானிப் பிழை ஆகிய மூன்றும் இதில் அடங்கும். 12 டி.எம்.சி. என்பது நாளொன்றுக்குச் சுமார் 93 கோடி லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, தலைக்கு 135 லிட்டர் வீதம் 13 லட்சம் பேருக்கு மேல் போதுமானது.

கண்டறியும் முறை

முதலில் ஒரு பகுதியை வால்வுகளால் தனிமைப்படுத்தி, நீர் நுழையுமிடத்தில் மானி பொருத்த வேண்டும். பின்னிரவில் மக்கள் பயன்பாடு மிகக் குறைவாதலால், அப்போது ஓடும் நீரின் பெரும்பகுதி கசிவேயாகும். தெருக்களை ஒவ்வொன்றாக அடைத்துவர, எங்கு ஓட்டம் திடீரெனக் குறைகிறதோ அங்கே கசிவு உண்டு. பின்னர் கேட்கும் கோல் அல்லது ஒலியறி கருவி கொண்டு சரியான இடத்தைக் குறிக்கலாம். சில மணி நேரமே நீர் வழங்கும் ஊர்களில், சோதனைக்கென அப்பகுதிக் குழாய்களில் இரவிலும் அழுத்தம் நிலவச் செய்தல் வேண்டும். வீட்டுத் தொட்டிகள் நிரம்பிய பின்னரே அளத்தல் வேண்டும்.

குறைக்கும் வழி

நிமிடத்துக்கு 100 லிட்டர் கொட்டும் உடைப்பு கண்ணில் படுவதால், ஒரே நாளில் சீராகக்கூடும். இழப்பு 1,44,000 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசியும் வீட்டு இணைப்பு 100 நாள் கவனிப்பாரற்றிருப்பினும் இழப்பு அதே அளவே. எனவே கசிவின் அளவைப் போன்றே அது நீடிக்கும் காலமும் முக்கியம். மிகையான அழுத்தத்தைக் குறைத்தாலும் கசிவு குறையும்.

நீர் நின்ற வேளையில் அதே துளை வழியாகக் கழிவுநீர் உட்புகுந்து நோய் பரப்பக்கூடும். ஆதலின் கசிவு தடுத்தல் சிக்கனம் மட்டுமன்று; பொதுச் சுகாதாரமுமாகும். வால்வு, மானி, கேட்கும் கோல் ஆகியவற்றைக் கொண்டு நாயுடுபேட்டை போன்ற சிறு நகரங்களும் இப்பணியைத் தொடங்கலாம். புதிய நீராதாரம் தேடுமுன், உள்ள நீர் எங்கே போகிறது என அறிவதே முதற்கடமை.