காசு தீர்க்கும் குறை, தீர்க்காத குறை

சொந்தத்தில் யார் செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் மெக்கானிக் இல்லை. பல வருஷமாகப் பழைய வண்டிகளையே வாங்கி ஓட்டியதில் வந்த பழக்கம்தான். எந்தப் பழைய வண்டியிலும் குறை இருக்கும். அதைக் காசு கொடுத்துச் சரிசெய்ய முடியும் என்றால் அந்தத் தொகையை விலையில் கழிக்கலாம். முடியாது என்றால், வண்டி எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிட வேண்டும். அதனால் காசு தீர்க்காத குறைகளை முதலில் தேடுவேன். ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதெல்லாம் பிறகுதான்.

முதலில் ஆர்.சி.

புறப்படும் முன்பே வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்துவிடுவேன். பதிவு எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் பாக்கி உண்டா என்பது தெரிந்துவிடும். இ-சலான் தளத்தில் அபராதம் நிலுவை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எண்ணைத் தரவே தயங்குகிறவர் வீட்டுக்கு நான் போவதில்லை.

கடனைக் கட்டி முடித்த பலர் ஆர்.சி.யில் உள்ள வங்கியின் பெயரை நீக்காமலே விட்டிருப்பார்கள். வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால்தான் அது நீங்கும். அதை விற்பவரே முடித்துத் தரட்டும். பி.ஒய். எண் கொண்ட புதுச்சேரி வண்டி மலிவாகக் கிடைத்தால், அங்கிருந்து வாங்க வேண்டிய என்.ஓ.சி.யையும் இங்கே கட்ட வேண்டிய சாலை வரியையும் கூட்டிப் பாருங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும். அதன் பிறகு சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும்.

அக்கா மகனுக்காக ஒரு ஸ்பிளெண்டர் பார்த்தோம். ஒரே கை ஓட்டிய வண்டி, இன்ஜின் அருமை. விற்றவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் மகன். “அப்பா தவறிட்டார் சார், வண்டி சும்மா நிக்குது” என்றார். உண்மைதான். ஆனால், விற்பனைக்கான 29, 30 படிவங்களில் யார் கையெழுத்துப் போடுவது? படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகே அதை முறையாக விற்க முடியும். “மாத்திட்டுக் கூப்பிடுங்க தம்பி, இதே விலைக்கு எடுத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். “இப்படி ஒரு வண்டி திரும்பக் கிடைக்குமா மாமா?” என்று வழியெல்லாம் புலம்பினான். பெயரை மாற்றிவிட்டு அவரே கூப்பிட்டார். இப்போது அந்த வண்டியில்தான் இவன் வேலைக்குப் போகிறான்.

அடுத்து சேஸ்

ஹேண்டில்பாரை ஒரு பக்கமாக முழுதும் திருப்பினால் பெரும்பாலான வண்டிகளில் கழுத்துப் பகுதியில் சேஸ் நம்பர் தெரியும். ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். சுரண்டிய தடமோ புது வெல்டிங்கோ இருந்தால் பேச்சே வேண்டாம். ஹேண்டில் முட்டி நிற்கும் லாக் இடமும் அங்கேதான் இருக்கிறது. அது நசுங்கியிருந்தாலோ, அங்கே மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தாலோ, வண்டி முன்பக்கம் மோதியிருக்க வாய்ப்புண்டு. நேர் ரோட்டில் விற்பவரை மெதுவாக ஓட்டச் சொல்லி, நான் பின்னால் இன்னொரு வண்டியில் போவேன். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்பது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளிலும் எத்தனையோ வண்டிகள் வெள்ளத்தில் மூழ்கின. அந்த ஊர் வண்டி என்றால் சீட்டைக் கழற்றிப் பார்ப்பேன். வயரிங் மூலைகளில் காய்ந்த சேறு, கனெக்டரில் பச்சைக் களிம்பு, மீட்டர் கண்ணாடிக்குள் நீராவி, பால் டீ நிறத்தில் இன்ஜின் ஆயில், இதில் இரண்டு சேர்ந்திருந்தாலும் கிளம்பிவிடலாம். வயரிங்கில் தண்ணீர் போன வண்டிக்கு வேலை முடியவே முடியாது.

கழிக்கக்கூடியவை

“நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க” என்று போனிலேயே சொல்லிவிடுவேன். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் ஆறும்வரை பேசிக்கொண்டிருப்பேன். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், போர் வேலை வரும், பெரிய தொகையாகக் கழிக்க வேண்டும்.

பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். பல்லை விட்டு நன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தால் செட்டையே மாற்ற வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பிடித்தால் கோன் செட் போய்விட்டது. டயரில் 2319 என்று இருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. மீட்டர் 18,000 கிலோமீட்டர் காட்டி, ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் வழவழவென்று தேய்ந்திருந்தால் நான் ரப்பரைத்தான் நம்புவேன்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6-க்குப் பிந்தைய வண்டி என்றால் சாவி போட்டதும் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்த விளக்கைத் துண்டித்து எதையோ மறைத்திருக்கலாம்.

பேரம்

“வண்டி சரியில்லை” என்று சொன்னால் விற்பவர் மனம் கோணும், விலை இறங்காது. மாற்ற வேண்டியதைத் தாளில் எழுதி அவரிடமே காட்டுவேன். “செயின் செட், பின் டயர், பேட்டரி. கடையில விசாரிச்சுட்டு நீங்களே சொல்லுங்கண்ணே.” பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

பெயர் மாறும்வரை

பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் “29, 30-ல கையெழுத்து இருக்கு, எப்ப வேணா மாத்திக்கங்க” என்பார்கள். அப்படி விடக் கூடாது. மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். விற்றுவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைச் சொன்னால் விற்பவரே அவசரப்படுவார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள். கன்சல்டிங்கில் வாங்கினால், மீதிப் பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகு தருவதாகப் பேசிக்கொள்வது நல்லது.

கையில் இருப்பதை எல்லாம் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். பேரத்தில் கழித்த தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். அது லாபம் இல்லை, செயினுக்கும் டயருக்கும் பேட்டரிக்கும் உரிய பணம். முதல் வாரத்திலேயே அந்தத் தாளோடு உங்கள் மெக்கானிக்கிடம் போய், எழுதியதை எல்லாம் மாற்றிவிட்டு, ஆயிலும் பிரேக் ஷூவும் புதிதாகப் போட்டுக்கொண்டு ஓட்ட ஆரம்பியுங்கள்.