ஐந்தாம் விசையின் புள்ளி

நுழையும்முன்

வேலையின் பொருட்டு வெளிமாநிலத்தில் வாழும் பிள்ளைகளுக்கும் ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் இடையே பாலமாக இருப்பது பெரும்பாலும் ஒரு சிறிய பொத்தான் கைபேசிதான். மணி அடித்தால் எடுத்துப் பேசத் தெரிந்திருப்பது போதுமா? இவ்வினாவிலிருந்து இப்பாடம் தொடங்குகிறது.

பாடம்

தென்காசிக்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்றில் எழுபத்திரண்டு வயது ஆச்சி ஒருவர் தனியாக வாழ்ந்து வந்தார். அவருடைய மகனுக்கு ரயில்வேயில் வேலை. மகனின் குடும்பம் மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரில், ரயில்வே குடியிருப்பில் இருந்தது. மகன் வாங்கித் தந்த பொத்தான் கைபேசி ஒன்று ஆச்சியிடம் இருந்தது. மணி அடித்தால் பச்சைப் பொத்தானை அழுத்திப் பேசுவார். பேசி முடித்ததும் அதனைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது மகனின் குரல் வரும் பெட்டி. தாமே ஒருவரை அழைக்கலாம் என்று அவர் எண்ணியதே இல்லை.

ஓர் ஐப்பசி மாதத்து மாலையில், மழையில் பாசி படிந்திருந்த கிணற்றடிக் கல்லில் அவர் வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. பக்கத்து வீட்டார் திருமணம் ஒன்றிற்காக வெளியூர் சென்றிருந்தனர். இரவு முழுவதும் தூறலில் அங்கேயே கிடந்தார். விடியற்காலையில் பால் கொண்டுவந்தவர் முனகல் கேட்டுக் கொல்லைப்புறம் வந்து பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே குடும்பத்தார் அஞ்சினர். எலும்பு முறியவில்லை. ஆனால் கடுங்காய்ச்சல் கண்டு பத்து நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அந்த இரவில் கைபேசி அலமாரியில் இருந்தது. மடியிலேயே இருந்திருந்தாலும் அதனைக் கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திராது.

உடல் தேறியதும் மகன் ஆச்சியை ஜபல்பூருக்கு அழைத்துச் சென்றார். குளிர்காலம் கழிந்தது. கோடை தொடங்கியபோது ஆச்சி ஊருக்குப் போக வேண்டும் என்றார். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத ஊர். கடைக்காரரிடம் உப்பு என்று கேட்கக்கூட மொழி தெரியாத ஊர். மகனோ தனியாக அனுப்ப முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். இருவரும் இரண்டு நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்பில் படித்த பேத்திதான் தந்தையிடம் கேட்டாள்:

"ஆச்சி கைபேசியை முழுமையாகப் பழகிக்கொண்டால் அனுப்புவீர்களா அப்பா?"

"பழகட்டும், பார்க்கலாம்" என்றார் தந்தை. அனுப்புவேன் என்று அவர் சொல்லவில்லை.

முதல் நாள் பாடம் தோல்வியில் முடிந்தது. பேத்தி கைபேசியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, "இதை அழுத்துங்கள், பிறகு இதை, பிறகு இதை" என்று தானே விரைவாக அழுத்திக் காட்டினாள். திரையில் படங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஆச்சி தலையை ஆட்டினார். "இப்போது நீங்கள் செய்யுங்கள்" என்றபோது அவருடைய விரல் காற்றிலேயே நின்றது. "எனக்கு எதுக்கு ராசாத்தி இதெல்லாம்?" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இளையோர் பலர் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் முறை இதுவே. கருவி கற்பவரின் கையில் இல்லாதவரை அது கற்பித்தல் ஆகாது. வேடிக்கை காட்டுதல் மட்டுமே.

மறுநாள் பேத்தி தன் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு அமர்ந்தாள். கைபேசி ஆச்சியின் கையிலேயே இருந்தது. படிக்க முடியாத ஆங்கிலத்திலிருந்து மொழியைத் தமிழுக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. அமைப்புகள் என்னும் பகுதியில் மொழியைத் தேர்ந்துகொள்ளும் வசதி இந்தியாவில் விற்கப்படும் பொத்தான் கைபேசிகள் பலவற்றில் உண்டு. திரையில் 'தொடர்புகள்', 'செய்திகள்' என்று தமிழ் எழுத்துகள் தோன்றியதும் ஆச்சி எழுத்துக் கூட்டி வாசித்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அந்தப் படிப்பு வீண்போகவில்லை.

அடுத்த தடை விசைகளின் இருப்பிடம். கண்ணாடி அணிந்தாலும் எண்கள் அவருக்கு மங்கலாகவே தெரிந்தன. பேத்தி ஒரு தாளில் மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள் வைத்தாள். ஆச்சி சிரித்தார். "இது மூணு புள்ளிக் கோலம்." நடுப்புள்ளிதான் ஐந்து. அதன் தலைக்கு மேல் இரண்டு, காலுக்குக் கீழ் எட்டு, இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஆறு. கோலத்திற்கு அடியில் இன்னொரு வரிசையில் நட்சத்திரக் குறி, சுழியம், கட்டக் குறி. ஐந்தாம் விசையின்மேல் சிறிய மேடு ஒன்று இருப்பதை ஆச்சியின் பெருவிரலே கண்டுபிடித்தது. கண்ணால் பாராமலே விசைகளை அறிவதற்காக வைக்கப்பட்ட புள்ளி அது. பார்வையற்றோர் கைபேசியைக் கையாளுவதும் அதனை வைத்துத்தான். அறுபது ஆண்டுகளாக வாசலில் புள்ளி வைத்த கைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பச்சை விசை அழைக்கவும் அழைப்பை ஏற்கவும் உதவும். சிவப்பு விசை அழைப்பை முடிக்கும். வழி தவறி எங்கோ சென்றுவிட்டால் தொடக்கத் திரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். "தப்பாப் போனா சிவப்பை அழுத்து" என்பதை ஆச்சி தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். தவறாக அழுத்தினால் கருவி கெட்டுவிடும் என்னும் அச்சம் அன்றோடு நீங்கியது. புதிதாகப் பழகும் எவருக்கும் முதலில் கற்பிக்க வேண்டியது இதுவே எனலாம்.

பிறகு விரைவு அழைப்பு. ஒரு விசைக்கு ஓர் எண்ணை உரியதாக்கிவிட்டால், அந்த விசையை நீண்ட நேரம் அழுத்திய அளவில் அழைப்பு செல்லும். இரண்டாம் விசையில் மகன். எட்டாம் விசையில் பக்கத்து வீடு. ஐந்தையும் ஒன்பதையும் பேத்தி தொடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் கைபேசிகளில் ஆபத்துக்கால விசை இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் விதி வகுத்தது. பொத்தான் கைபேசிகளில் ஐந்து அல்லது ஒன்பதாம் விசை அதற்காக ஒதுக்கப்பட்டது. அதனை அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு செல்லும். காவல்துறை, தீயணைப்பு, மருத்துவ உதவி ஆகிய அனைத்திற்கும் பொதுவான அவசர எண் 112. பெரும்பாலான கைபேசிகளில் விசைகள் பூட்டப்பட்டிருந்தாலும் அந்த எண்ணை அழைக்கலாம். அதனை விளையாட்டாக அழைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் பேத்தி சொல்லிக் கொடுத்தாள். ஆகவே அந்த ஒன்றை மட்டும் தாளில் வரைந்த கோலத்தின்மேல் அழுத்திப் பழகினார்கள்.

இவ்வளவு எளிதாக இன்று கையில் இருக்கும் கருவியின் வரலாறு நெடியதன்று. கையடக்கத் தொலைபேசியில் முதன்முதலாக மார்ட்டின் கூப்பர் 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் நகரில் பேசினார். இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, புதுதில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைபேசியில் உரையாடினார். அக்காலத்தில் அழைத்தவர் மட்டுமன்றி அழைப்பை ஏற்றவரும் கட்டணம் செலுத்த வேண்டும். 2003இல்தான் அந்த முறை மாறியது. ஒரு முறை மணி அடிக்கவிட்டுத் துண்டிக்கும் 'மிஸ்டு கால்' பழக்கம் காசை மிச்சப்படுத்தவே பரவியது. 2006 முதல் 2014 வரை தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூரில் இயங்கிய நோக்கியா தொழிற்சாலையில் இத்தகைய பொத்தான் கைபேசிகள் பெருமளவில் உருவாயின. கருவி வந்ததும் தமிழில் அதற்குப் பல பெயர்கள் தோன்றின. கையில் இருப்பதால் கைபேசி. அலைகளால் இயங்குவதால் அலைபேசி. உடன் செல்வதால் செல்பேசி. மூன்றாவது பெயர் ஆங்கிலச் சொல்லின் ஒலியையும் தமிழ் வினையின் பொருளையும் ஒன்றாக ஏந்தி நிற்பது சுவையானது.

குறுஞ்செய்தி எழுதக் கற்றபோதுதான் ஆச்சிக்கும் பேத்திக்கும் பெரிய வழக்கு மூண்டது. ஒரு விசையில் பல எழுத்துகள் இருக்கும். வேண்டிய எழுத்து வரும்வரை அதே விசையை மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டும். எந்த எழுத்து எந்த விசையில் என்பது கருவிக்குக் கருவி மாறும். ஆச்சி 'தமிழ்' என்னும் சொல்லை அரை மணி நேரத்தில் எழுதி முடித்தார். அதில் எத்தனை எழுத்து என்று பேத்தி கேட்டாள். "மூணு" என்றார் ஆச்சி. "கைபேசி ஐந்து என்கிறதே!" என்றாள் பேத்தி. ஆச்சி ஒப்பவில்லை.

இருவர் சொன்னதும் சரியே. இலக்கணப்படி த, மி, ழ் என எழுத்துகள் மூன்று. கைபேசியோ உயிர்மெய்யின் குறிகளையும் மெய்யின் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. இந்த வேறுபாடு வெறும் வேடிக்கை அன்று. ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு. தமிழில் எழுதினால் 70 இடங்களே. எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியிலும் 67 இடங்களே கிடைக்கும். கணக்கில் அது இரண்டு செய்தியாகவே கொள்ளப்படும். சுருங்கச் சொல்லுதல் இங்கே காசோடும் தொடர்புடையது. "புள்ளிக்கும் காசா?" என்று ஆச்சி வியந்தார்.

நினைவூட்டும் மணியை மாத்திரை வேளைக்கு வைப்பதும், கை விளக்கை எரியவிடுவதும் ஒரே மாலையில் முடிந்தன. ஏமாற்று அழைப்பு பற்றிச் சொல்லத்தான் நேரம் ஆயிற்று. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி யாரேனும் கடவு எண்ணையோ செய்தியில் வந்த எண்ணையோ கேட்டால் சொல்லக் கூடாது என்றாள் பேத்தி. "பெரிய அதிகாரி கேட்டால் எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்று ஆச்சி கவலைப்பட்டார். மரியாதை தெரிந்தவர்களே இவ்வகையில் எளிதாக ஏமாறுகிறார்கள். விடை சொல்லாமல் சிவப்பை அழுத்தினால் போதும் என்று முடிவாயிற்று. பணம் பறிபோனால் உடனே அறிவிக்க வேண்டிய எண் 1930 என்பதைத் தொடர்புகளில் சேமித்து வைத்தார்கள்.

மூன்றாம் வாரத்து ஞாயிறு இரவில் தந்தை தேர்வு வைத்தார். வீட்டின் பின்புற முற்றத்தில் விளக்கை அணைத்துவிட்டு ஆச்சியைத் தரையில் உட்காரச் சொன்னார். உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார். இருட்டில் ஆச்சி இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்தார். வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில்தான் இப்போது கைபேசி இருந்தது. நடு விசையையும் நட்சத்திரக் குறியையும் அடுத்தடுத்து அழுத்திப் பூட்டைத் திறந்தார். பெருவிரல் மெல்ல நகர்ந்து ஐந்தின் புள்ளியைத் தேடியது. தலைக்கு மேல் ஒன்று. அழுத்திப் பிடித்தார்.

உள்ளே மணி அடித்தது.

"சொல்லுங்கம்மா" என்றார் மகன்.

"கிணத்தடியில விழுந்து கிடக்கேன், வாப்பா" என்றார் ஆச்சி. பிறகு, "பயப்படாதே, சும்மா சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டார். மகன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, தாயின் அருகில் இருட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பயணச்சீட்டு எடுக்கப்பட்டது.

ஆச்சியை ஊரில் விட்டுவிட்டு மகன் திரும்பி வந்த இரண்டாம் நாள் மாலை, ஜபல்பூரில் கைபேசி ஒருமுறை ஒலித்து நின்றது. நலமாக இருக்கிறேன் என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அடையாளம் அது. சற்று நேரத்தில் ஒரு செய்தியும் வந்தது.

"ஊர் வந்தேன். கிணற்றடி பாசி தேய்த்துவிட்டேன்."

பேத்தி விரல்விட்டு எண்ணினாள். கைபேசிக் கணக்கில் 44.

சொல்லும் பொருளும்

விசை – அழுத்தும் பொத்தான்; குறுஞ்செய்தி – கைபேசி வழியே எழுத்தில் அனுப்பும் சிறு செய்தி; சுருக்குப்பை – நூலை இழுத்து வாயை மூடும் சிறு துணிப்பை; வழக்கு – இங்கு, வாதம்; ஒப்புதல் – ஏற்றுக்கொள்ளுதல்.

பயிற்சி

1. முதல் நாள் பாடம் தோல்வியடைந்ததற்கும் மறுநாள் பாடம் வெற்றி பெற்றதற்கும் என்ன காரணம்? பாடத்தின் துணைகொண்டு எழுதுக.

2. ஆச்சி அனுப்பிய செய்தியில் ஒரு வல்லின ஒற்று விடுபட்டுள்ளது. அது எங்கே மிக வேண்டும்? அதனைச் சேர்த்தால் இலக்கணக் கணக்கில் எத்தனை எழுத்தும், கைபேசிக் கணக்கில் எத்தனை இடமும் கூடும்?

3. "எனக்கு எதுக்கு ராசாத்தி இதெல்லாம்?", "பயப்படாதே, சும்மா சொன்னேன்" – இவ்விரு தொடர்களையும் ஆச்சி எந்தெந்தச் சூழலில் கூறினார்?

4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு 70 இடங்களுக்குள் அடங்கும் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதி, இருவகைக் கணக்கிலும் எண்ணிக் காட்டுக.